நிறுத்தி வைத்த முகம்

இந்தப் பெட்டியா அந்தப் பெட்டியா, நான் வர்றதுக்குள்ள நீயே ஒன்னு முடிவு பண்ணிச் சொல்லு கனி என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் ஒட்டிக்கொண்டு அவர் வெளியே போனார். கடையின் இந்த அறைக்குள் போன் எடுக்காது. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் துணி அடித்திருக்கிறார்கள், கதவும் மெத்தை மாதிரிதான், அது சாத்திக்கொண்டபோது சத்தமே வரவில்லை, காதை யாரோ உள்ளங்கையால் பொத்தின மாதிரி இருந்தது. சண்முகக்கனி மடியில் தூங்கிய பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஏசிக் குளிர் ஏறியிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். முடிவு பண்ணிச் சொல்லணுமாமே. அவரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்ன குழம்பு வைக்க என்பதைக்கூட அவருடைய அக்காவிடம் கேட்டுத்தான் வைக்கிறாள், மதினி புளிக்குழம்பு என்றால் புளிக்குழம்பு, மதினி ஒன்றும் சொல்லாவிட்டால் நேற்று வைத்ததே இன்றும், அப்படிப்பட்டவளிடம், ஏழாம் வகுப்போடு நின்றுபோனவளிடம், கம்ப்யூட்டரா ப்ராசசரா என்று கேட்டால் எதைச் சொல்ல. மேஜை மேல் இரண்டும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. இடது பக்கம் இருப்பது கம்ப்யூட்டர், ஆனால் பார்த்தால் கம்ப்யூட்டர் மாதிரி இல்லை, பாட்டுப் பெட்டி மாதிரிக் கறுப்பாகப் படுத்துக் கிடந்தது, உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம், சளி பிடித்த பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி. வலது பக்கம் ப்ராசசர், மங்கின படத்தைத் தெளிவாக்கிக் காட்டுகிற பெட்டியாம். அதற்குச் சத்தமே இல்லை, முன்னால் வரிசையாகத் திருகுகள், ஒரு பச்சை விளக்கு. இரண்டின் வயர்களும் போய் ஒரு பழைய வீடியோ டெக்கில் சேர்ந்தன. டெக்குக்குள் கேசட். எதிரே சுவர் அகலத்துக்கு வெள்ளைத் திரை, திரை முழுக்க ஒரு முகம். சுகந்தி அக்காவின் முகம்.

சுகந்தி அவருடைய முதல் மனைவி. மகள் நிவேதா நடை பழகிய வருஷம் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். கனி அவளை நேரில் பார்த்ததில்லை, ஒரே ஊர்தான், சிவகாசியில் ஏதாவது ஒரு கடைத்தெருக் கூட்டத்தில் தோளில் இடித்துக்கொண்டு போயிருக்கவும் கூடும், தெரியாது. ஆனாலும் அக்கா என்றுதான் சொல்லுவாள், மனசுக்குள்ளும் அப்படித்தான், மனசுக்குள் வேறு மாதிரி சொல்லிப் பார்த்த ஒன்றிரண்டு நாளும் உண்டு, அந்த நாள்களில் சோறு இறங்கவில்லை. வீட்டு மாடியில் படம் பார்க்க ஒரு அறை எடுக்கிறேன் என்று அவர் சொன்னபோது கனி நம்பினாள். புரொஜெக்டர் வந்தது, திரை வந்தது, நிவேதா திரைக்கு முன்னால் நின்று நாய், மான் என்று கையால் நிழல் காட்டினாள். இன்று காலை மதுரைக்குப் புறப்படும்போதுகூட, நீயும் வாயேன், உனக்கும் ஊர் பார்த்த மாதிரி இருக்கும் என்றார். கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மஞ்சள் பையிலிருந்து ஒரு ஈரிழைத் துண்டு வெளியே வந்தது. அதைக் கைப்பிள்ளையைச் சுற்றின துணியைப் பிரிக்கிற மாதிரிப் பிரித்தார். உள்ளே அந்தக் கேசட். அவருக்கும் சுகந்திக்கும் நடந்த கல்யாணத்தின் கேசட். அறை, திரை, புரொஜெக்டர், எல்லாம் இதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்ததும் கனி என்ன செய்தாள், பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றித் திரும்ப மாட்டினாள், அதைத் தவிர வேறென்ன செய்ய.

அவர் வெளியே போனதும் கடைக்காரர் சிக்கந்தர் பாய் திரையையும் டெக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தங்கச்சி, சார் இப்படி நிறுத்தி வச்சிட்டுப் போயிட்டாரே. டேப்பு ஓடாம நின்னாலும் உள்ள உருளை சுத்திக்கிட்டேதான் இருக்கும். ஒரே இடத்துல போட்டுத் தேய்க்கும். புது டெக்குன்னா கொஞ்ச நேரத்துல தானா நின்னுக்கிரும். இது பழைய மாடு, வாலை முறுக்குனாத்தான் நிக்கும்.”

கனி தலையை மட்டும் ஆட்டினாள்.

“நான் நிறுத்திருவேன். ஆனா கலர் பார்த்துக்கிட்டு இருந்த மனுசன், அந்த இடத்தை ஏன்யா விட்டேம்பாரு. ரொம்ப நேரமாச்சுன்னா இதை அமுக்கிருங்க.” ரிமோட்டை அவள் பக்கத்தில் சோபாவில் வைத்தார். போகத் திரும்பியவர் மறுபடி நின்றார். “இன்னொன்னு. சாருக்கு ப்ராசசர் மேலதான் கண்ணு. நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அது ஓடுறதைத் துடைச்சுக் காட்டும், அவ்வளவுதான். எதையும் பிடிச்சு வச்சுக்காது. பார்க்குற ஒவ்வொரு தடவையும் டேப்பு ஓடியாகணும். இந்தக் கேசட் இருக்குற இருப்புக்கு ரொம்ப ஓட்டம் தாங்காது தங்கச்சி, இப்பவே பவுடர் உதிருது. கம்ப்யூட்டர்னா ஒரு தடவை உள்ள இழுத்து வச்சுக்கிரும். அப்புறம் கேசட்டே வேணாம். உள்ள போனது காலத்துக்கும் அழியாது. நான் சொல்ல வந்தா சார் கலர் கலர்னு நிக்கிறாரு, காதுல வாங்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, லோடு வந்திருக்கு பாய் என்றது. பாயும் போய்விட்டார். மறுபடியும் காது அடைத்துக்கொண்டது.

ஆக, ரெண்டு விஷயம். நிறுத்தி வைத்தால் தேயும். ப்ராசசர் வாங்கினால் இன்னும் கொஞ்ச காலத்தில் கேசட்டே இருக்காது. இந்த ரெண்டும் அவருக்குத் தெரியாது, கனிக்குத் தெரியும். அவள் பேசாமல் இருந்தால் போதும். அவர் ப்ராசசரைத்தான் வாங்குவார், வருஷா வருஷம் ஆசை ஆசையாகப் போட்டுப் பார்ப்பார், ஓட ஓட டேப்பு உதிரும், ஒரு நாள் திரையில் வெறும் பனி பெய்யும், கேசட்டுக்கு வயசாகிப்போச்சு என்பார், எல்லாரும் ஆமா வயசாகிப்போச்சு என்பார்கள். யாரும் கனியைக் கேட்கமாட்டார்கள். ஏன் கேட்கப்போகிறார்கள், அவள் எப்போது பேசினாள். மாமியார் வீட்டுப் பக்கத்தில் ஊமைச்சி என்று ஒரு பேர்கூட அவளுக்கு உண்டு, மதினியே சிரித்துக்கொண்டு சொல்லுவாள், எங்க ஊமைச்சி வச்ச ரசம் என்று. ஊமைச்சி ஏன் சொல்லலை என்று யாராவது கேட்பார்களா. இத்தனை நாள் கூச்சம் அவளுக்கு ஒரு குறையாக இருந்தது, இன்றைக்கு அது வந்து முன்னால் நின்று, என் பின்னால் ஒளிந்துகொள் என்கிறது. சே, என்ன நினைப்பு இது. கையை எடுத்து ரிமோட் பக்கம் வைத்தாள். எடுத்துவிட்டாள். பழக்கமில்லாத சாமான், எதையாவது அமுக்கி எதாவது ஆகிவிட்டால். வீட்டில் ஒரு தடவை டிவி ரிமோட்டில் எதையோ அமுக்கி எல்லாச் சேனலும் போய், ஆள் வந்து சரி பண்ணும்வரை மதினி நாடகம் பார்க்க முடியாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அதுவுமில்லாமல் அவர் கலர் பார்த்துக்கொண்டிருந்த இடம். அதுவுமில்லாமல் பாயே நிறுத்தியிருக்கலாம்தானே. இத்தனை அதுவுமில்லாமல் எதற்கு. ரிமோட்டில் இங்கிலீஷில்தான் எழுதியிருந்தது, ஆனால் அந்த ஒரு வார்த்தையைத் தெரியாது என்று அவளால் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பிரஸ் வேலைக்குப் போய்க் காலண்டருக்குத் தாள் அடுக்கிய காலத்தில், எதிரே கட்டிங் மெஷினில், சிவப்புப் பட்டனுக்கு மேல் அதே வார்த்தைதான் இருந்தது, ஸ்டாப், பக்கத்து மெஷின் அக்காவுக்கு விரல் நசுங்கப் பார்த்த அன்று ஓடிப்போய் அதை அமுக்கியவளே கனிதான். அன்றைக்கு யோசித்தாளா.

முகம் அசைந்தது. அசையவில்லை, நடுங்கியது. நின்ற இடத்திலேயே மெல்லியதாக மேலும் கீழும் ஒரு துடிப்பு, மூடின இமைக்குள் கண் உருளுகிற மாதிரி. அந்த முகத்தை இவ்வளவு தெளிவாக இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை நினைவு நாளில் வீட்டு டிவியில் போடுவார்கள், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, கல்யாணப்பொண்ணு எங்கோ மழைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். அதில் கனிக்கு ஒரு ஆறுதல் இருந்தது என்பதை அவள் இப்போதுதான் தெரிந்துகொண்டாள். ப்ராசசரைப் போட்டதும் மழை விட்டுவிட்டது. மேலுதட்டில் வேர்வை. புருவ ஓரத்தில் அம்மை விழுந்த ஒரு குழி. வீடியோ எடுத்தவன் பிடித்த லைட்டு கூசி ஒரு கண் லேசாக இடுங்கியிருந்தது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, தலையைத் தூக்கவா வேண்டாமா என்று பாதியில் நிமிர்ந்திருந்தாள். கூச்சம். இவ்வளவு பெரிய திரையில் இவ்வளவு கூச்சம். கனிக்கு அதைப் பார்க்க என்னவோ போல் ஆகிவிட்டது, ஏனென்றால் வீட்டில் எல்லாரும் சுகந்தியைச் சொல்லும்போது, கலகலன்னு இருப்பா, வீடே நிறைஞ்சு இருக்கும் என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டுக் கனியைப் பார்ப்பார்கள். இந்த உதட்டுக் கடி, இது நிவேதாவுடையது. கணக்குப் போடும்போது அப்படித்தான் கடிப்பாள், புண்ணாகிப்போகும்வரைக்கும். யார்கிட்டடி கத்துக்கிட்ட இந்தப் பழக்கத்தை என்று கனி அதட்டியிருக்கிறாள், ஒரு தடவை வாய்மேல் லேசாக ஒன்று போட்டும் இருக்கிறாள். யார்கிட்ட. இதோ இவளிடம்தான். செத்தவள் பிள்ளையின் உதட்டில் விட்டுப்போன ஒன்றைக் கனி அடித்திருக்கிறாள்.

நிவேதா இந்தக் கேசட்டைப் பார்த்ததில்லை. நினைவு நாளன்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுவார்கள், பிள்ளை ஏங்கிப்போகும் என்று மதினி சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாலை போட்ட போட்டோதான். அந்தப் போட்டோவும் நிஜம் இல்லை, ஸ்டூடியோக்காரன் நிறத்தை ஏற்றி, குழியை மறைத்து, சினிமாக்காரி மாதிரிப் பண்ணிவைத்திருக்கிறான். அதனால்தான் அவர் இந்தப் பாடு படுகிறார். காரில் வரும்போது சொல்லவில்லை, இங்கே இருட்டில் உட்கார்ந்தபிறகு, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நிவேதா பெருசாயிட்டா கனி, இந்த வருசம் அவளுக்குக் காட்டிரலாம்னு இருக்கேன். முதத் தடவை பார்க்கும்போது அவ அம்மா நிறம் சரியா இருக்கணும். காலண்டர் அடிக்கிற அவர் பிரஸ்ஸில் அவருக்குக் கலர் குணசீலன் என்றே பேர். சாமி படமோ மிட்டாய்க் கடை அட்டையோ, ஆர்டர் கொடுத்த கட்சிக்காரர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கும், ஓகே ஷீட் என்பார்கள், மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு தாளையும் அதன் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து, சிவப்பைக் கொஞ்சம் குறை, மஞ்சளைத் தூக்கு என்பார். கண் அவ்வளவு கூர். இப்போதும் ஏதோ முருகன் காலண்டரில் மயிலின் பச்சை சரியாக விழவில்லை என்றுதான் போன் வந்திருக்கிறது. ப்ராசசரின் திருகைப் பிடித்ததும் அவர் கை பிரஸ்ஸில் இருக்கிற கை ஆகிவிட்டது. திருகத் திருக சுகந்தி சிவந்தாள், வெளுத்தாள், மறுபடி கறுத்தாள். ஆனால் ஓகே ஷீட் இல்லையே. சுகந்தியின் நிறத்துக்குக் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே இருக்கிறது. போட்டோ பொய். அவளோடு போனது அவள் நிறம். கொஞ்ச நேரம் திருகிப் பார்த்துவிட்டுத் திரும்பி, கனி, நிவேதாவுக்கு அவ அம்மா நிறம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நீதான தினமும் குளிப்பாட்டுற, அவ முழங்கைக்கு மேல வெயில் படாத இடம் இருக்குல்ல, அது இந்த நிறமா பாரு, இதுவா, இல்ல இதுவா என்றார்.

அதற்குத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஊர் பார்க்க இல்லை. ஓகே ஷீட்டாக. அந்த நேரம் கனிக்குக் கோபம் வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்த்தால், வந்தது, ஆனால் கோபத்துக்கு முன்னால் விடை வந்துவிட்டது. இல்லங்க, இன்னும் கொஞ்சம் கறுப்பு என்று அவள் வாய் சொல்லிவிட்டது. எப்படிச் சொல்லாமல் இருக்கும். அந்தக் கையை அவளைவிட யாருக்குத் தெரியும். சோப்புத் தேய்க்கும்போது முழங்கைக்குக் கீழே பள்ளிக்கூட வெயிலில் காய்ந்த ஒரு நிறம், மேலே சட்டைக்குள் இருக்கிற இடத்தில் புளியங்கொட்டையை ஊறவைத்துத் தோல் மினுங்குகிற மாதிரி ஒரு நிறம், அக்குளுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம், கிச்சுக்கிச்சு மூட்டினால் ஐயோ அம்மா போதும்மா என்று துள்ளுவாள். அம்மா. முதலில் சித்தி என்றுதான் சொன்னாள், மதினி சொல்லிக்கொடுத்திருந்தாள், முறை தவறக்கூடாது என்று. ஒரு காய்ச்சல் நாளில் அனத்திக்கொண்டு கிடந்தபோது அம்மா என்றாள், அது கனியைத்தானா அவளையா என்று தெரியவில்லை, காய்ச்சல் விட்ட பிறகும் அம்மா என்றே கூப்பிட்டாள், யாரும் திருத்தவில்லை, கனி மூச்சுக்கூட விடவில்லை, விட்டால் கலைந்துவிடுமோ என்று. கடன்வாங்கி வந்த நகை மாதிரி அந்த வார்த்தையை இத்தனை நாளும் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைகிறாள். சொந்தக்காரி இதோ திரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நடப்பாள், சிரிப்பாள், மாலையைச் சரி செய்வாள். பார்த்துவிட்டு நிவேதா திரும்பிக் கனியைப் பார்ப்பாள். அந்தப் பார்வைதான்.

இதற்கு மேல் ஒரு பொய் வேறு. போன கோடையில் தலை வாரிவிடும்போது நிவேதா கேட்டாள், போட்டோவுல இருக்குற அம்மா எப்படிம்மா பேசுவாங்க என்று. என்னை மாதிரிதான் பேசுவாங்க என்று கனி சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு ஒரு சமாதானம் வேண்டும் என்றுதான் சொன்னாள், அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள், ஆனால் அதில் ஒரு திருட்டு இருந்தது. இந்தக் கேசட்டில் முழுக்கச் சினிமாப் பாட்டுத்தான், கல்யாணச் சத்தம் எதுவும் கேட்காது, வாயசைப்பு மட்டும்தான். ஆனால் தாலி கட்டி முடிந்து, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறதுக்கு நடுவில், எடுத்தவன் கவனக்குறைவில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறான். அதில் மேளம் கேட்கும், யாரோ இருமுவது கேட்கும், தலைநிறையப் பூ வைக்கிற தோழியிடம் சுகந்தி சொல்வது கேட்கும், போதும்டி, கழுத்து ஒடிஞ்சிரும். அவ்வளவுதான். கட்டைக் குரல். சிரிப்பை அடக்கின குரல். கனியின் கீச்சுக் குரலுக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. நினைவு நாளில் அந்த இடம் வரும்போது வீடே அடங்கிப்போகும், அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருவார், கனி அப்போது சரியாக எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள், பாயசத்தைக் கிண்டுவாள், அடிபிடிக்காத பாயசத்தை. இந்த வருஷம் நிவேதாவும் உட்கார்ந்து கேட்பாள். என்னை மாதிரிதான்னு சொன்னியேம்மா.

திரையில் தாடைக்குக் கொஞ்சம் கீழே வெள்ளையாக ஏதோ மினுங்கியது. மினுங்கி மறைந்தது. முன்னால் இருந்ததா அது. இருந்திருக்கும். பழைய டேப்பு. ஊமைச்சி, கண்ணைக் கட்டிக்கொள்ளாதே, முன்னால் இல்லை. கனி சோபாவில் முதுகைச் சாய்த்தாள், சாய்ந்தது மாதிரி ஆகிவிடக் கூடாது என்று மறுபடி நிமிர்ந்தாள், யாரும் பார்க்காத அறையில் யாருக்காக இது. பாய் இன்னொன்றும் சொன்னார், முதலில், ரெண்டு பெட்டியையும் விளக்கும்போது. டேப்புல கோடு கோடாத்தான் படம் இருக்கு, பாதிக் கோடுதான், நடுவுல உள்ள பாதியை இந்த ப்ராசசர் அதுவா இப்படி இருக்கும்னு போட்டு நிரப்பிக்கிரும், பார்க்குறவங்களுக்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கனியும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள், போட்டோவில் இருந்தது பாதி, மீதிப் பாதியைத் தன்னை வைத்தே நிரப்பி, உங்கம்மாவுக்கும் கத்தரிக்காய் பிடிக்காது, உங்கம்மாவும் இடிச் சத்தத்துக்குப் பயப்படுவாங்க, இதெல்லாம் கனிக்குப் பிடிக்காதது, கனிக்குப் பயம், சுகந்தி இடிக்குப் பயந்தாளா இல்லையா என்று யாரைக் கண்டு கேட்க. கேசட் உதிர்ந்து போய்விட்டால் இந்த நிரப்பல்தான் நிற்கும். நிவேதாவுக்கு இரண்டு அம்மாவும் கனிதான் என்று ஆகிவிடும். அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டாள். நினைத்ததை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்ட.

அவள் உடுத்தியிருப்பதும் சுகந்தியின் புடவைதான். ஒவ்வொரு நினைவு நாளுக்கும் படத்துக்கு முன்னால் ஒரு புதுப் புடவை வைத்துக் கும்பிட்டு, அதைக் கனி உடுத்திக்கொள்ள வேண்டும். அவர்தான் போய் எடுப்பார். மாம்பழ மஞ்சள், ராணிச் சிவப்பு, எல்லாம் கறுத்த மேனிக்கு எடுப்பாக இருக்கிற நிறங்கள், வெளுத்த கனிக்கு அவை கட்டினால் காமாலை வந்த மாதிரி இருக்கும். அவருக்கா நிறம் தெரியாது. தெரிந்துதான் எடுக்கிறார். அதைப் போய்க் குறை என்று சொல்ல முடியுமா, மூத்தவளுக்கு வைத்துக் கும்பிட்டது, ஆசீர்வாதம். கனிக்கு என்று எடுத்த கேசட் ஒன்றும் கிடையாது. இரண்டாந்தாரக் கல்யாணத்துக்கு மேளம் எதற்கு வீடியோ எதற்கு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், கோயிலில் தாலி, ஓட்டலில் சாப்பாடு, அவள் அம்மா மட்டும் ஒரு போட்டோவாவது எடுத்திருக்கலாம் என்று முணுமுணுத்தாள், அடுத்து ரெண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்பதால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டாள். நாளைக்குக் கனிக்கு ஒன்று ஆனால், ஆகாது, வாயைக் கழுவு, ஆனாலும் அப்படி ஆகிவிட்டால், மடியில் கிடக்கிற இவனுக்கு என்ன இருக்கும். எங்கம்மா எப்படி நடப்பா என்று கேட்டால் யார் எதைக் காட்டுவார்கள். யாராவது ஒருத்தி வருவாள். மஞ்சள் புடவையைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுக் கட்டிக்கொள்வாள். இவன் தலையை வாரிவிட்டுக்கொண்டே, உங்கம்மாவும் என்னை மாதிரிதான் என்பாள். என்னை மாதிரியாடி. கனிக்குச் சுரீர் என்றது. அந்த இல்லாத ஒருத்தியின் மேல் வந்த கோபம் அப்படியே திரும்பித் தன் மேலேயே வந்து விழுந்தது.

பிள்ளை விழித்துக்கொண்டான். அழவில்லை. தலையைத் திருப்பிப் பெரிய வெளிச்சத்தைப் பார்த்தான், வெளிச்சத்தில் இருந்த பெரிய முகத்தைப் பார்த்தான், பொக்கை வாயைத் திறந்து அதைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு முகம் என்றால் சிரிப்புதான், யார் முகமாக இருந்தால் என்ன. திரையின் வெளிச்சம் அவன் மேல் விழுந்து, கனியின் கை மேலும் விழுந்து, வெளுத்த கை அந்த நிறத்தில், புளியங்கொட்டை நிறத்தில், இருந்தது. தாடைக்குக் கீழே வெள்ளை இப்போது மினுங்கவில்லை, நின்றது, ஒரு நூல் மாதிரி, முகத்தின் அகலத்துக்கும். தேய்கிறது. இவ்வளவு நேரமும் தேய்ந்திருக்கிறது. அவள் நினைத்த ஒவ்வொரு நினைப்புக்கும் உள்ளே அந்த உருளை சுற்றியிருக்கிறது. கனி ரிமோட்டை எடுத்தாள், கட்டிங் மெஷின் பட்டனை அமுக்கின அதே பெருவிரலால் அழுத்தி அமுக்கினாள். டெக்குக்குள் ஏதோ தடக் என்று விட்டது. முகம் போய்த் திரை நீலமானது. பிள்ளை உதட்டைப் பிதுக்கினான்.

கதவு திறந்தது. அவரும் பாயும் சேர்ந்தே வந்தார்கள்.

“மயில் ஒரு வழியாப் பறந்துருச்சு” என்றார் அவர். பிறகு திரையைப் பார்த்தார். “என்ன கனி, நிறுத்திட்டியா?”

“தேயுமாம்.”

“எது?”

“நிறுத்தி வச்சா ஒரே இடத்துல தேயுமாம். பாய் சொன்னாரு.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். இத்தனை பேர் முன்னால், இத்தனை பேர் என்றால் ரெண்டே பேர்தான், ஆனாலும். “கம்ப்யூட்டரே வாங்குங்க.”

அவர் சிரித்தார். கேலியில்லை, அவள் பேசிவிட்ட ஆச்சரியம். “கலர் இதுலதான கனி சுளுவா வருது? அதுல ஒவ்வொன்னுக்கும் மௌஸைப் பிடிச்சுத் தொங்கணும். நடுவுல மக்கர் பண்ணி நின்னுச்சுன்னா?”

“நின்னா மறுபடி போட்டுக்கிடலாம். இதுல ஓட ஓட உதிர்ந்துருமாம். ஒன்னும் மிஞ்சாது. அதுல ஒரு தடவை உள்ள எடுத்துக்கிட்டா போதுமாம்.” அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். “நிவேதாவுக்கு வேணும்ல. அவ பிள்ளைக்கும் வேணும்ல.”

அவர் பாயைப் பார்த்தார். “உள்ளதைத்தான் சொல்றாங்க சார். நான் சொன்னா வியாபாரம்பீங்க” என்றார் பாய். பாய் வயர்களை மாற்றிப் போட்டார். இப்பவே ஒரு தடவை இழுத்துப் பார்த்துருவோம், பிடிச்சா பெட்டியோட சேர்த்து எடுத்துட்டுப் போங்க என்றார். கம்ப்யூட்டரின் விசிறி வேகம் எடுத்தது. கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிவிட்டார்கள். தாலி, அட்சதை, பாட்டு. சுகந்தி பாதி நிமிர்ந்தாள். அந்த இடத்தில், தாடைக்குக் கீழே, ஒரு வெள்ளைக் கோடு சரக்கென்று முகத்தைக் குறுக்கே அறுத்துவிட்டுப் போனது.

“இது முன்னாடி இல்லையே” என்றார் அவர்.

“நிறுத்தி வச்சிருந்த இடம் சார்.”

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். பின்னால் ஓட்டச் சொல்லி மறுபடி பார்த்தார். மறுபடியும் அறுத்துக்கொண்டு போனது. “நான்தான” என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. “நான்தான் நிறுத்திப் போட்டுட்டு மயிலுக்குப் பின்னால போனேன். கொஞ்ச நேரம்தான போனேன்.” கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கனி வாயைத் திறந்தாள். இல்லங்க, பாய் அப்பவே சொன்னாரு, ரிமோட் என் பக்கத்துலதான் இருந்துச்சு. வார்த்தை எல்லாம் வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. பாய் அவளை ஒரு பார்வை பார்த்தார், பார்த்துவிட்டுக் குனிந்து, சரியாக இருந்த வயரையே மறுபடி சரி செய்தார். பாட்டு முடிந்தது. மேளம். யாரோ இருமினார்கள். போதும்டி, கழுத்து ஒடிஞ்சிரும். கனி இந்தத் தடவை எழுந்து போகவில்லை, போக அடுக்களையும் இல்லை.

“கலர்” என்றார் அவர். மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “சொல்லு கனி. இதுவா?”

“இல்ல.”

“இது?”

“இன்னும் கொஞ்சம். சிவப்பு வேணாம். ரொம்பப் போயிட்டீங்க, திரும்பி வாங்க. அவ்வளவுதான், இதான். இதான் அவ கை.”

அவர் மௌஸை விட்டுவிட்டார். பாய் ஏதோ ஒன்றை அமுக்கினார், முடிஞ்சது சார், உள்ள போயிருச்சு, இனி காலத்துக்கும் அழியாது என்றார். அந்தக் கோடும்தான் உள்ளே போயிருந்தது. எத்தனை வருஷம் கழித்து யார் பார்த்தாலும், பாதி நிமிர்ந்த அந்த முகத்தில் அதே இடத்தில் அது வரும்.

“நிவேதா கேட்பா” என்றார் அவர். “இது என்னப்பா கோடுன்னு கேட்பா. என்ன சொல்றது.”

“கேட்டா நான் சொல்லிக்கிடுறேன்” என்றாள் கனி.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். என்ன சொல்லுவே என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்கவில்லை. கேசட்டைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார்.